கண்ணால் பார்த்ததை நம்பலாமா? மூக்கு, மீட்டர், சாட்சி, சாமி

தொட்டிக்குள் தமிழன் | ஞாயிறு இரவு 9.40

என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எதற்கெடுத்தாலும் "கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன்" என்பார். சாமி, பேய், பங்குச் சந்தை, மேனேஜர் தருவதாகச் சொன்ன போனஸ், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் அதை உண்மையாகவே கடைப்பிடிப்பவன் உயிரோடு ஊர் போய்ச் சேர மாட்டான்.

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில், மூடிய இடங்களுக்குள் ஆள் இறங்குவதற்கு முன்பு உள்ளே இருக்கும் காற்றைச் சோதிப்பது என் வேலை. எண்ணெய்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, கப்பலின் அடிப்பகுதியில் தவழ்ந்துதான் போக முடிகிற இடங்கள், இப்படி. இவற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு கலந்திருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பத்துப் பங்கைத் தாண்டினால் ஆளை இறக்கக்கூடாது. "மூக்கே பிடித்துவிடுகிறதே அண்ணே, மீட்டர் எதற்கு?" என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பதுண்டு. நூறு பங்கை நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துவிடும், அதற்குத்தான் மீட்டர். நாற்றம் குறைவதுபோல் இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. காற்று சுத்தமாகிவிட்டது என்று உள்ளே நிற்பவன் நினைத்துக்கொள்வான். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆக்சிஜன் விஷயம் இதைவிட மோசம். சாதாரணக் காற்றில் அது 20.9 விழுக்காடு. நைட்ரஜன் நிரப்பிய தொட்டிக்குள் தலையை நீட்டினால் மூச்சு முட்டாது, நெஞ்சு அடைக்காது. நம் உடம்புக்கு மூச்சு முட்டுவதே பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதைச் சொல்ல உடம்பில் நம்பகமான ஆள் இல்லை. மூச்சு ஒழுங்காகப் போய் வந்துகொண்டே இருக்கும், கால் மட்டும் மடங்கிவிடும்.

என் கேள்வி இதுதான். புலன் தவறு செய்வதுகூடப் பெரிதில்லை. தவறு செய்யும்போதும், சரியாகச் சொல்லும்போது காட்டும் அதே முகத்தைக் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஒன்றை மற்ற விஷயங்களில் மட்டும் எதை வைத்து நம்புவது?

கோப்பி ஓ | ஞாயிறு இரவு 9.52

கொதிக்கும் கோப்பியை நாக்கில் ஊற்றிப் பாருங்கள். சந்தேகம் தெளிந்துவிடும்.

மரீன் பரேட் வாத்தியார் | ஞாயிறு இரவு 10.15

தம்பி, மீட்டரில் 20.9 என்று வருகிறதே, அதை எதைக்கொண்டு படித்தீர்கள்? அலாரம் அடித்தால் எதைக்கொண்டு கேட்கிறீர்கள்?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று வகுப்பில் நான் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணையும் காதையும் ஓரமாக வைத்துவிட்டு எதைக்கொண்டு விசாரிப்பது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அவனுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். விசாரிப்பது என்றால் இன்னொரு தடவை பார்ப்பது, கிட்டப் போய்ப் பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, பக்கத்தில் இருந்தவரைக் கேட்பது. எல்லாம் அதே கண், அதே காது.

உங்கள் மூக்கு மரத்துப்போகும் என்பதே எப்படித் தெரிந்தது? மூக்கு "வாசனை இல்லை" என்றது. ஆள் விழுந்ததைக் கண் பார்த்தது. சோதனைச்சாலையில் இன்னொருவர் அளந்து பார்த்தார். ஒரு புலன் தோற்றதை மற்றப் புலன்கள்தான் காட்டிக்கொடுத்தன. மொத்தப் புலன்களும் தோற்றுவிட்டன என்று எந்தப் புலனை வைத்துச் சொல்வீர்கள்?

கேள்விக்குறி | ஞாயிறு இரவு 11.05

ஐயா, வணக்கம். தொடக்கக் கல்லூரியில் "அறிவும் விசாரணையும்" என்ற பாடம் படிக்கிறேன். இந்த வாரம் இதே தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும், அதனால் ஓசியில் உங்கள் அறிவைச் சுரண்டுகிறேன்.

உங்கள் பதில் திருடனையே திருட்டு வழக்கை விசாரிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. புலனைப் புலனால் சோதித்துப் "பாஸ்" போட்டால் அது என்ன சோதனை? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த்தே 1641ல் சொன்னது அதுதான்: ஒரு தடவை ஏமாற்றியவரை முழுதாக நம்பாதே. அதோடு, நெருப்பருகே உட்கார்ந்திருப்பதாகக் கனவிலும் தோன்றுகிறது, விழிப்பிலும் தோன்றுகிறது, இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் எது என்று கேட்டார்.

இன்னொன்று. "இன்னொரு தடவை பார்த்தால் சரியாகிவிடும்" என்பதும் எப்போதும் உண்மையில்லை. ஒருவர் "க" என்று வாயசைக்கும் காணொளிக்கு "ப" என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டால், பெரும்பாலோர் காதில் "த" போல ஒன்று விழும். மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் 1976ல் வெளியிட்டது. கண்ணை மூடினால் "ப". திறந்தால் மறுபடியும் "த". விஷயம் தெரிந்த பிறகும் எத்தனை தடவை போட்டாலும் அதே கதை. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளின் முனைகளில் அம்புக்குறிகளை உள்ளும் வெளியுமாகப் போட்டால் ஒன்று நீளமாகத் தெரிகிறதே, அதுவும் அளந்து பார்த்த பிறகும் நீளமாகத்தான் தெரிகிறது. அறிவு வந்து கண்ணைத் திருத்துவதில்லை.

மரீன் பரேட் வாத்தியார் | திங்கள் காலை 6.20

கண் திருந்தவில்லை, சரி. நீ திருந்தினாயா இல்லையா? கோடு நீளமாகத் தெரிகிறது. நீளம் என்று நீ நம்பவில்லை. ஆகவே தோன்றுவது வேறு, தோன்றியதை நம்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது, அங்கே நீ நிற்கிறாய். கட்டுரையில் அந்த வாசலைப் பற்றி எழுது.

கனவு விஷயத்துக்கு மாலையில் வருகிறேன். நடைப்பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டார்.

சாட்சிக்கூண்டு | திங்கள் பிற்பகல் 1.10

தத்துவம் பேசுகிறவர்கள் ஒரு நாள் நீதிமன்றத்தில் வந்து உட்கார வேண்டும். பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது. நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். எந்த வழக்கின் விவரமும் எழுத மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டம் 1893ல் வந்தது. இந்தியாவில் 1872ல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஸ்டீபன் எழுதிய சட்டத்தின் வழியில் அமைந்தது. அதில் ஒரு விதி: கண்ணால் காணக்கூடிய விஷயம் என்றால் கண்டவரே வந்து சொல்ல வேண்டும், கேட்கக்கூடியது என்றால் கேட்டவரே வர வேண்டும், வேறு புலனால் அறியக்கூடியது என்றால் அந்தப் புலனால் அறிந்தவரே வர வேண்டும். ஒருவரைத் தூக்கில் போடலாமா வேண்டாமா என்கிற அளவுக்குப் புலனறிவை நம்பித்தான் சட்டம் நிற்கிறது.

ஆனால் நம்பிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. அடையாளம் காட்டும் சாட்சிகளை எப்படி எடைபோடுவது என்று இங்கிலாந்தில் 1976ல் டர்ன்புல் வழக்கில் வகுத்த வழிமுறையை நம் நீதிமன்றம் 1998ல் எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்தில், வெளிச்சம் எப்படி, நடுவில் ஏதாவது மறைத்ததா, ஆளை முன்பே தெரியுமா, பார்த்ததற்கும் போலீசிடம் சொன்னதற்கும் இடையில் எவ்வளவு காலம். "உங்களுக்கு எவ்வளவு உறுதி?" என்பதற்கு மட்டும் அங்கே பெரிய மரியாதை இல்லை. காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1984ல் தாக்கப்பட்ட ஒரு பெண், பிறகு அடையாளம் காட்டுவதற்காகவே அந்த முகத்தைக் கவனித்து மனத்தில் பதித்துக்கொண்டார். ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார், உறுதியாகச் சாட்சி சொன்னார். பத்து ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு 1995ல் மரபணுச் சோதனை அவர் அந்த ஆள் இல்லை என்று காட்டியது. பொய் சொன்னவர் யாரும் இல்லை.

தினமும் நான் பார்த்தது இதைவிடச் சின்னது. "அவர் குடித்திருந்ததைப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்வார். வழக்கறிஞர் உடனே எழுந்திருப்பார். குடித்ததைப் பார்த்தீர்களா? இல்லை. என்ன பார்த்தீர்கள்? கண் சிவந்திருந்தது. வேறு? நடை தள்ளாடியது. வாடை? நான் அவ்வளவு கிட்டப் போகவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்பு சத்தியம் செய்து சொன்ன ஒரு வரி, கூண்டிலேயே மூன்று துண்டாகிக் கிடக்கும். கண் சிவந்ததும் தள்ளாடியதும் நிற்கும். குடித்தது என்பது சாட்சியின் சொந்தச் சேர்க்கை. கண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அவசரப்பட்டது கண்ணுக்குப் பின்னால் இருந்தவர்.

இரவுப்பணி | திங்கள் மாலை 4.30

தாதியாக இருக்கிறேன், இப்போதுதான் எழுந்தேன். தமிழன் தம்பிக்கு ஒரு விஷயம். மீட்டரையும் ரொம்பக் கொண்டாடாதீர்கள். 2021ல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் கொடுத்தது நினைவிருக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும். விரலுக்குள் ஒளியைச் செலுத்தி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது. தோல் கருப்பாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. நம் ஆட்களில் எத்தனை பேர் தோல் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண் 95 என்கிறது, ஆனால் ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்குகிறார், கழுத்துத் தசை இழுக்கிறது, உதட்டின் உட்புறம் வெளிறியிருக்கிறது. நான் எதை நம்புவேன்? என் கண்ணை. மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்து வாயுவை நேரடியாகப் பார்க்கச் சொல்வேன்.

ஜன்னலோரம் | திங்கள் மாலை 5.05

புகைமூட்டத்தை யாரும் சொல்லவில்லையே. 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் பிஎஸ்ஐ என்ற காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அன்றைக்குக் கண்ணுக்கும் எண்ணுக்கும் சண்டையே இல்லை. சண்டை வருவது மற்ற நாட்களில். எதிர்ப் புளோக் மங்கலாகத் தெரியும், தொண்டை கரகரக்கும், கைப்பேசியில் பார்த்தால் "மிதம்" என்று இருக்கும். அது 24 மணி நேரச் சராசரி; என் தொண்டை சொல்வது இந்த நிமிடம். இரண்டும் உண்மைதான், கேட்ட கேள்விதான் வேறு. அதனால் இப்போது நான் ஒரு மணி நேர நுண்துகள் அளவைத்தான் பார்க்கிறேன்.

செங்காங் செல்வி | திங்கள் இரவு 8.15

எல்லாரும் இவ்வளவு படித்தவர்களாக இருக்கிறீர்கள், நான் பார்த்ததையும் சொல்கிறேன். 1995 செப்டம்பர் 21. அப்போது சென்னையில் அக்கா வீட்டில் இருந்தேன். டில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் செய்தி பரவி, எங்கள் தெருக்கோயிலில் வரிசை. கரண்டியில் பால் எடுத்துத் துதிக்கை நுனியில் வைத்தேன். பால் இறங்கியது. நான் கரண்டியைச் சாய்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். நீங்கள் சொல்லும் வெளிச்சம், தூரம், நேரம் எல்லாம் சரியாக இருந்தது. இதையும் கண்ணின் கோளாறு என்பீர்களா?

கோப்பி ஓ | திங்கள் இரவு 8.21

2007ல் ஜூரோங் வெஸ்ட் ஸ்ட்ரீட் 42ல் ஒரு மரத்தில் குரங்கு தெரிந்ததே அக்கா. சீனர்கள் தங்கள் கதைகளில் வரும் குரங்கு அரசன் சுன் வூகோங் என்றார்கள், நம்மவர்கள் அனுமார் என்றார்கள். வாழைப்பழம் மலைபோல் குவிந்தது. பட்டையில் காயம் ஆறித் தழும்பு தட்டிய இடம். யாருக்கு எது பழக்கமோ அது தெரிந்திருக்கிறது.

செங்காங் செல்வி | திங்கள் இரவு 8.34

நான் குரங்கைப் பற்றிப் பேசவில்லை தம்பி. பால் குறைந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

சாட்சிக்கூண்டு | திங்கள் இரவு 8.50

குறைந்தது. அதை மறுப்பவர்தான் இங்கே கண்ணை நம்பாதவர். அக்கா கூண்டில் ஏறினால் அந்த வரி நிற்கும்.

மரீன் பரேட் வாத்தியார் | திங்கள் இரவு 9.30

நானும் அதையே சொல்ல வந்தேன். டில்லிக் கோயில் ஒன்றுக்கு அரசு விஞ்ஞானிகள் போய், பாலில் சாயம் கலந்து வைத்துப் பார்த்தார்கள். கரண்டியின் விளிம்பில் பால் கல்லைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் மேலே இழுபட்டு, சிலையின் முகத்தில் மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது. வெள்ளைப் பால் ஈரக் கல்லில் வழிந்தால் தெரியவில்லை. சாயம் போட்டதும் தெரிந்தது. கவனியுங்கள், கண் பார்த்ததைக் கண்ணை வைத்தே திருத்தினார்கள். வேறு வழி அவர்களுக்கும் இல்லை.

இதற்கு நம் பழைய ஆட்கள் நல்ல அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். காட்சி, கருதல், உரை. பால் இறங்கியது காட்சி. பிள்ளையார் குடித்தார் என்பது கருதல். டில்லியில் தொடங்கியது என்பது உரை. செல்வி அம்மா மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார், நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

"பார்த்ததை மட்டும் நம்புவேன்" என்ற தமிழன் தம்பியின் அண்ணனுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்துக்குப் போய் ஒவ்வொரு சமயத்தாரிடமும் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்டு வருகிறாள். கடைசியாக வருகிறான் பூதவாதி. அறிவதற்குப் பார்ப்பது ஒன்றே வழி (அளவை), மற்றதெல்லாம் தள்ளு என்கிற கட்சி. அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? பையனுக்கு வாய் அடைத்திருக்கும். சாத்தனார் அதற்கு மேல் அவனைப் பேசவே விடவில்லை, அந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்விக்குறிக்கு: திருடன் உவமை அழகுதான். ஆனால் அதற்கு முதலில் அவனைத் திருடன் என்று தீர்மானித்திருக்க வேண்டும். நம் இந்தியத் தத்துவத்திலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. நியாயம் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் சொன்னார்: ஓர் அறிவு சரி என்பது வெளிச் சோதனையால் தெரிய வேண்டும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் பார்த்தது சரி. மீமாம்சை என்ற இன்னொரு பள்ளியைச் சேர்ந்த மீமாம்சகர் திருப்பிக் கேட்டார்: தாகம் தீர்ந்தது என்ற அறிவு சரியா என்று எதை வைத்துச் சோதித்தாய்? அதற்கு இன்னொன்று, அதற்கும் இன்னொன்று என்று போனால் முடிவே இல்லை. ஆகவே அறிவு தோன்றும்போது செல்லும் என்றே தோன்றுகிறது. செல்லாது என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். மீமாம்சை அறிஞர் குமாரிலரின் கட்சி இது, நான் அந்தப் பக்கம். மஞ்சள் காமாலை, இருட்டு, தூரம், மரத்துப்போன மூக்கு என்று குறிப்பான காரணத்தைக் காட்டு, அந்தக் காட்சியைத் தள்ளிவிடுகிறேன். "கனவாக இருக்கலாமே" என்பது காரணம் இல்லை, சோம்பேறித்தனம். கனவு பொய் என்பதே விழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதானே.

கேள்விக்குறி | திங்கள் இரவு 10.02

ஐயா, "காரணம் காட்டு, தள்ளிவிடுகிறேன்" என்பது தமிழன் அண்ணனின் தொட்டியில் வேலை செய்யாது. காரணம் தெரிவதற்குள் ஆள் இறந்துவிடுவார். அங்கே சந்தேகத்தில்தான் தொடங்க வேண்டும்.

தொட்டிக்குள் தமிழன் | திங்கள் இரவு 11.20

அதைத்தான் தம்பி எழுத வந்தேன். இன்று ஓவர்டைம், இப்போதுதான் டார்மிட்டரி வந்தேன்.

வாத்தியார் ஐயா, மீட்டரைக் கண்ணால்தான் படிக்கிறேன் என்றீர்கள். அதற்குப் பதில் தேடிக்கொண்டே இன்று வேலை செய்தேன். காலையில் முதல் வேலை மீட்டரையே சோதிப்பது. வாயு அளவு எழுதி ஒட்டிய சின்ன உருளை ஒன்று இருக்கிறது. அதை மாட்டித் திறந்தால் மீட்டர் சில விநாடிகளுக்குள் மூன்று வேலை செய்ய வேண்டும்: சிவப்பு விளக்கு மின்ன வேண்டும், கத்த வேண்டும், கையில் அதிர வேண்டும். இரைச்சலில் காது கேட்காது என்று விளக்கு. புகையில் விளக்கு தெரியாது, அல்லது மீட்டர் இடுப்பில் இருக்கும் என்று அதிர்வு. கையுறையும் தடித்த உடையும் அதிர்வைத் தின்றுவிடும் என்று சத்தம். செய்தவன் எந்த ஒரு புலனையும் நம்பவில்லை. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் ஏமாற்றாது என்று நம்பியிருக்கிறான்.

அப்புறம் அளக்கும் விதம். வாசலில் மட்டும் அளந்தால் போதாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். மீத்தேன் லேசு, கூரையில் ஏறும். குழாயை இறக்கி மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலும் பெர்மிட் இல்லை, 23.5க்கு மேலே போனாலும் இல்லை. ஆள் உள்ளே போன பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வாசலில் ஒருவர் காவல் நிற்பார்.

ஆக, நான் கண்டுகொண்டது: எங்கே தவறினால் உயிர் போகுமோ அங்கே புலனைத் தள்ளிவிடவில்லை. எந்தப் புலன் எந்த இடத்தில் சாகும் என்று பட்டியல் போட்டு, அதற்கு ஆள் மாற்றி வைத்திருக்கிறோம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமே கிடையாது என்பது தெரியுமா? 1937 மார்ச் 18ஆம் தேதி டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத வாயு கசிந்து சேர்ந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். மூக்கால் முடியாத இடத்தில் மூக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், மூக்குக்குத் தெரிகிற மாதிரி வாயுவை மாற்றிவிட்டார்கள்.

கோப்பி ஓ | திங்கள் இரவு 11.31

தமிழன், இதை அப்படியே அந்தப் பையனின் கட்டுரையில் போட்டால் "ஏ" நிச்சயம்.

செங்காங் செல்வி | செவ்வாய் காலை 7.05

பால் விஷயத்தில் சாயம் போட்டுப் பார்த்தது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் சுலபமான இடத்தில் நின்று பேசுகிறீர்கள். வாத்தியார் ஐயாவிடம் கேட்கிறேன். கருவறை முன்னால் நிற்கும்போது சில நாள் ஒரு நிறைவு வருகிறது, எதிரே ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிகிறது. தோன்றும்போது செல்லும் என்றே கொள்ள வேண்டும், மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும் என்று நேற்று எழுதினீர்களே. இதற்கும் அது பொருந்தும்தானே?

மரீன் பரேட் வாத்தியார் | செவ்வாய் காலை 7.50

மடக்கிவிட்டீர்கள். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் காட்சியை நான்காகப் பிரிக்கிறது: பொறிகளால் வருவது, மனத்தால் வருவது, இன்ப துன்பத்தைத் தானே உணரும் தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. நீங்கள் சொல்வதை அதில் எங்கோ ஓர் இடத்தில் வைத்துவிடுவார்கள். எனக்குத் தயக்கம் இருக்கிறது. தமிழன் தம்பியின் மூக்குக்கு மீட்டர் என்ற மாற்றாள் உண்டு. உங்கள் நிறைவுக்கு மாற்றாள் யார்?

செங்காங் செல்வி | செவ்வாய் காலை 8.10

வலிக்கு மாற்றாள் யார் ஐயா? போன வருடம் எனக்கு முதுகுவலி. மருத்துவமனையில் "பத்துக்கு எத்தனை?" என்றுதான் கேட்டார்கள். எட்டு என்றேன். எந்த மீட்டரும் வைத்துப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்கள்.

இரவுப்பணி | செவ்வாய் காலை 8.40

உண்மை. எட்டு என்றால் எட்டு. முகம் அமைதியாக இருந்தாலும் நான் ஆறு என்று மாற்றி எழுத மாட்டேன், எழுதவும் கூடாது.

ஆனால் வலி ஒரு விஷயத்தில் பெரிய புளுகு. கால் எடுத்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இல்லாத பாதத்தின் கட்டைவிரல் எரிகிறது என்பார்கள். வலி உண்மை, மருந்தும் கொடுப்போம். கட்டைவிரல் இல்லை. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, இருக்கும் கையை விரிக்கச் சொன்னால், சிலருக்கு இல்லாத கையின் இறுக்கம் தளர்ந்தது. கண்ணை ஏமாற்றி, ஏமாந்த உடம்பைச் சரிசெய்தார். இதை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

செங்காங் செல்வி | செவ்வாய் காலை 9.02

இல்லாத விரல் வலிக்கும்போது வலி உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எனக்கும் அந்தச் சலுகையைக் கொடுங்கள்.

மரீன் பரேட் வாத்தியார் | செவ்வாய் காலை 9.15

கொடுத்தேன் அம்மா. ஆனால் அந்தச் சலுகையில் விரல் வராது.

கேள்விக்குறி | செவ்வாய் காலை 10.20

(இடைவேளையில் எழுதுகிறேன்.) அப்படியே திருப்பினாலும் ஒன்று இருக்கிறது ஐயா. விரல் இல்லை என்று நமக்குத் தனியாகத் தெரியும், பார்த்தோம். எதிரே யாரும் இல்லை என்று அப்படி யாரும் பார்த்ததில்லையே. உங்கள் கணக்குப்படி மறுப்பவர்தான் குறிப்பான காரணம் காட்ட வேண்டும். நான் சாமி கும்பிடாதவன், வாதத்துக்காகச் சொல்கிறேன்.

சாட்சிக்கூண்டு | செவ்வாய் பிற்பகல் 12.45

பையன் நன்றாக வாதாடுகிறான், சட்டம் படிக்கப் போகலாம். என் தரப்பு: செல்வி அக்காவுக்கு அது காட்சி. அவர் அதை நம்புவதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கு அது காட்சி இல்லை, அவர் சொல்லிக் கேட்டது. அவர் நேர்மையானவர் என்று நம்பலாம்; அதற்காக அவர் உணர்ந்ததை நானும் உணர்ந்ததாக நடிக்க முடியாது. ஒரே நிகழ்ச்சி, அவருக்கு ஒரு பலம், எனக்கு வேறு பலம்.

செங்காங் செல்வி | செவ்வாய் பிற்பகல் 1.00

நடிக்கச் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் சார். அந்தப் பால் வழக்கு உங்கள் நீதிமன்றத்துக்கு வந்து, நான் கூண்டில் ஏறிப் பிள்ளையார் குடித்தார் என்றால்?

சாட்சிக்கூண்டு | செவ்வாய் பிற்பகல் 1.08

பால் குறைந்தது என்பது வரை பதிவாகும். யார் குடித்தார் என்று போனால் எதிர்த்தரப்பு எழுந்துவிடும். அந்த இடத்தில் நிபுணரைக் கூப்பிடுவார்கள்.

செங்காங் செல்வி | செவ்வாய் பிற்பகல் 1.10

நிபுணர் அன்றைக்கு எங்கள் தெருக்கோயிலில் இருந்தாரா?

சாட்சிக்கூண்டு | செவ்வாய் பிற்பகல் 1.16

இல்லை. இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது.